மிச்ச எழுத்து

சங்கரன்கோவில்
12.6.2003

அன்புள்ள சரோஜா அக்காவுக்கு,

உங்கள் லெட்டர் மே பத்தாம் தேதியே வந்துவிட்டது. பதில் இன்றைக்குத்தான் எழுதுகிறேன். "டீச்சரு நம்மள மறந்துட்டாடி" என்று கொட்டாயில் பேச்சு நடந்திருக்கும். திட்டுங்கள், தகும். மூன்று மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதினால், அடுத்த வரிக்கு மறுநாள்தான் வர முடிகிறது.

பிள்ளைக்குக் கவிப்பிரியா என்று பேர் வைத்தோம். நிறம் அவரைப் போல. மூச்சுதான் யாரைப் போலவும் இல்லை. இழுப்பு. ராத்திரி பகல் என்று பார்க்காமல் நெஞ்சு உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. திருநெல்வேலியில் காட்டினோம். "மாசமா இருக்கும்போது எங்க இருந்தீங்க?" என்றார் டாக்டர். சேரப்பணஞ்சேரிக்கு மேற்கே, பாறைமேட்டில், கல்குவாரிக்கு அடுத்த தெருவில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குறைந்தது ஒரு வருஷம் அந்தத் தூசிப் பக்கமே போகக்கூடாதாம். அதனால் பிரசவத்துக்கு வந்தவள் இங்கே அண்ணன் வீட்டிலேயே கிடக்கிறேன். அவர் மட்டும் அங்கே ரூம் எடுத்துக்கொண்டு, காண்ட்ராக்டர் தசரதனின் ஆளாகக் கம்பெனிக்குப் போய் வருகிறார். மாதம் ஒரு தடவை வந்து போகிறார். அண்ணி முகம் நாளுக்கு நாள் சின்னதாகிறது.

நான் இல்லை என்று சாயங்காலப் படிப்பை விட்டுவிடாதீர்கள். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எனக்குப் போன் போட வேண்டாம். போனில் பேசினால் எழுத்து மறந்துபோகும். மாதம் ஒரு இன்லேண்ட், அதுதான் உங்களுக்கு வீட்டுப்பாடம். படிக்கும்போது பயப்படாதீர்கள். சொல்லின் முதல் ரெண்டு எழுத்தைப் பிடித்துவிட்டால் மிச்சம் தானாக வரும் என்று சொல்லிக்கொடுத்தேனே, அது போதும்.

முக்கியமான விஷயம். நம் பெண்கள் சங்கத்துப் பாறைக் குத்தகை டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பு மனுவை செப்டம்பருக்குள் கொடுத்தாக வேண்டும். விட்டால் பாறை கைமாறிவிடும். அஞ்சு வருஷம் முந்தி இருந்த மாதிரி, பத்தொன்பது பேரும் அதே தசரதனின் ஜல்லி கிரஷரில் மேஸ்திரியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அழுகிறாள். முடிக்கிறேன்.

உங்கள்
கனகலட்சுமி


பாறைமேடு
3.7.2003

கனகா டீச்சருக்கு சரோஜா எழுதறது.

உன் லெட்டரு வந்துச்சு. நானே ஒடச்சு நானே படிச்சேன். யாரையும் கூப்புடல. முழுசாப் படிக்க மூணு நாளு ஆச்சு. டாக்டரு பேனாவைக் கீழ வெச்ச எடத்துல நிறுத்திட்டேன். மறுநாளுதான் மேல படிக்க மனசு வந்துச்சு. அந்தத் தூசியிலதான் எங்க புள்ளைங்க எல்லாம் பொறந்துச்சு. அதுக்கு இழுப்புன்னு ஒரு டாக்டரும் எங்களுக்குப் பேரு சொல்லல. சளின்னு வுட்டுட்டோம். உன் கவி நல்லா ஆவட்டும்.

படிப்பு நடக்குது. நாலு மணிக்குச் சம்மட்டிய வெச்சுட்டு, மூஞ்சி கழுவிகினு கொட்டாயில உக்காந்துடறோம். அரிசி மூட்ட மேல கீறதை எல்லாம் படிச்சாச்சு. இப்ப பழைய பேப்பரு. உன் ரெண்டு எழுத்து வித்தையில ஒரு கூத்து ஆச்சு கேளு. மரகதம் தாம்பரத்துல நின்னுகினு போர்டுல "பட"ன்னு பாத்து, படப்பை பஸ்ஸுன்னு ஏறி ஒக்காந்துட்டா. அது படாளம் பஸ்ஸு. செங்கல்பட்டு தாண்டிதான் முழிச்சிகினா. கண்டக்டரு, "ஏம்மா, படிக்கத் தெரியாதா?"ன்னு கேட்டானாம். இவ, "தெரியும்யா, அதாலதான் ஏறினேன்"னு சொன்னாளாம். நாங்க சிரிச்ச சிரிப்புல சொர்ணம்மா கையில இருந்த கல்லு நழுவிடுச்சு.

பாறையோரம் கட்டியிருந்த தார்ப்பாய்த் தொட்டில எடுத்துட்டு, புள்ளைங்களுக்கு வேற கொட்டாய் போட்டுட்டோம். பாறையில இருந்து தள்ளி, காத்து அடிக்காத பக்கம். உன் லெட்டரு படிச்சப்புறம்தான் போட்டோம். ஆளுக்கு ஒரு நாளு வேலைய வுட்டுட்டு புள்ளைங்கள பாத்துக்கறோம். மேஸ்திரி இல்ல, கேக்க ஆளு இல்ல. நாங்களே முடிவு பண்ணோம்.

தேதி பாத்தேன். செப்டம்பரு. மறக்க மாட்டேன். மனு எப்புடி எழுதறதுன்னு நீ எழுதி அனுப்பு.

தப்பு இருந்தா செவப்புல சுழிச்சு அனுப்பு.

சரோஜா
சங்கத் தலைவி (இத எழுத ரொம்ப நாளா ஆச)


சங்கரன்கோவில்
28.8.2003

அன்புள்ள அக்கா,

மறுபடியும் தாமதம். ஆடி முழுக்க ஆஸ்பத்திரிதான். மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுக்கிறார்கள். ஐந்து மாதப் பிள்ளை அந்த மாஸ்க்கைப் பார்த்தாலே கையை ஓங்குகிறாள். சரோஜா பெரியம்மா மாதிரி சண்டைக்காரி என்று அவர் சிரித்தார்.

அவர் போன வாரம் வந்திருந்தார். நாலு நாள் இருந்தார். தசரதன் அவரைக் கம்பெனியில் பெர்மனென்ட் ஆக்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம். பெர்மனென்ட் ஆனால் மெடிக்கல் கார்டு வரும். மெட்ராஸில் பிள்ளைக்குப் பெரிய டாக்டரிடம் காட்டலாம். நாங்கள் படப்பையில், தூசி இல்லாத பக்கமாக வீடு பார்க்கலாம். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்ட மனு மாதிரி எழுதி அனுப்ப முடியவில்லை. மன்னியுங்கள். அவரே அங்கே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஆனாலும் அக்கா, கையெழுத்துப் போடும் எதையும் பத்தொன்பது பேரும் உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிட்டுப் போடுங்கள். என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நான் தூரத்தில் இருக்கிறேன். என் மூளை இப்போது பிள்ளையின் மூச்சை எண்ணுவதற்கு மேல் எதற்கும் ஆகாது.

இன்னும் ஒன்று எழுத நினைத்து உட்கார்ந்தேன். அப்புறம் எழுதுகிறேன்.

மரகதத்தைப் படாளத்துக்கு மறுபடி போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.

கனகலட்சுமி


பாறைமேடு
5.10.2003

கனகா டீச்சரு,

மனு குடுத்தாச்சு! குத்தகை நீட்டிப்பு ஆயிடும். இனிமே அஞ்சு வருசம் பாறை நம்முது.

எப்புடி நடந்துச்சுன்னு சொல்றேன். செப்டம்பரு இருபத்தெட்டு, உன் வூட்டுக்காரரு வந்தாரு. "அக்கா, பேப்பர் ரெடியாயிருக்கு, தசரதன் கிரஷர் ஆபீசுல வந்து கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. மரகதம் மொகத்தச் சுளிச்சா. "அவன் எடத்துல நமக்கு இன்னா வேலை?"ன்னு கேட்டா. "டைப் அடிக்க அங்கதான்க்கா ஆள் இருக்கு, தசரதனே கார்ல கொண்டு போயி கொடுத்துருவாரு"ன்னு தம்பி சொன்னாரு. அப்பவும் நான், "டீச்சரு படிச்சிட்டு போடச் சொல்லிகீது"ன்னேன். "கனகா படிச்சுட்டாக்கா. ஊருக்கே கொண்டு போயி காட்டிட்டேன். சரின்னுட்டா"ன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு இன்னா பேச்சு?

நாங்க பத்தொன்பது பேரும் நல்ல பொடவ கட்டிகினு போனோம். பத்திரம் எழுதறவரு மூக்குக் கண்ணாடிய எறக்கிகினு, "கையெழுத்தா, கைநாட்டா? கைநாட்டுன்னா முழுசாப் படிச்சுக் காட்டணும், நேரம் ஆவும்"னாரு. சிரிச்சிட்டோம். "சாமி, நாங்க சங்கத்துப் பொம்பளைங்க. ஒருத்திகூட கைநாட்டு கெடையாது"ன்னு மரகதம் சொன்னா. அவரு அப்புடியே பாத்தாரு. தசரதனும் பாத்தான். என் ஒடம்பு ஒரு சாண் ஒசந்துடுச்சு டீச்சரு.

நாலு பக்கம் இருந்துச்சு. மொத வரிய நானும் படிச்சேன். "குத்தகை ஒப்ப"ன்னு வரி முடிஞ்சிடுச்சு. குத்தகை ஒப்பந்தம். எல்லாரும் பின்னால நிக்கறாங்க, எழுதறவரு பேனாவ நீட்டிகினு கீறாரு. அதுக்கு மேல எழுத்துக் கூட்டிப் படிக்க வெக்கமாப் போச்சு. சொர்ணம்மா பேரு எழுதி முடிக்கறதுக்குள்ள ஒரு லோடு ஜல்லி ஒடச்சிருக்கலாம். ஆனா எழுதிட்டா.

வெளிய வந்து டீ குடிச்சோம். நீ இல்லாத கொறதான். கவிக்கு எங்க எல்லாரு முத்தமும்.

சரோஜா, தலைவி


பாறைமேடு
9.12.2003

டீச்சரு,

ரெண்டு லெட்டரு போட்டேன். பதிலு இல்ல. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையோன்னு பயந்தேன். அதனால கேக்கல. இன்னிக்குக் கேக்கறேன்.

திங்கக்கெழமை காலையில பாறைக்குப் போனோம். பொக்லைன் நிக்குது. பாதையில சங்கிலி. வாச்மேனு, "ஏம்மா, இது தசரதன் குத்தகை, உங்களுதத்தான் நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே"ன்னு சொல்றான். மரகதம் அவன அடிக்கப் போயிட்டா. நான் கவர்மெண்டு ஆபீசுக்குப் போயி, காலுல வுழாத கொறயா நின்னு, அந்த பேப்பரோட நகலு வாங்கினு வந்தேன்.

கொட்டாயில உக்காந்து எல்லாரும் படிச்சோம். எழுத்து எழுத்தா. ஒரு சொல்ல ஒருத்தி படிச்சா, அடுத்தவ படிச்சு ஒத்துகினாதான் அடுத்த சொல்லு. மொத வரி "குத்தகை ஒப்ப". ரெண்டாவது வரி "டைப்பு மனு".

ஒப்படைப்பு.

எங்க குத்தகைய நாங்களே திருப்பிக் குடுத்துடறோம்னு, எங்களுக்கு இஷ்டம்தான்னு, படிச்சுப் புரிஞ்சிகினு கையெழுத்துப் போட்டோம்னு எழுதியிருக்குது. நான் "ஒப்ப" வரைக்கும் படிச்சேன். மிச்ச எழுத்த நானே ரொப்பிகினேன். கைநாட்டா இருந்திருந்தா அந்த ஆளு சத்தமாப் படிச்சுக் காட்டி இருப்பான். பத்தொன்பது காதுல ஒரு காதாவது கேட்டிருக்கும்.

தப்பு என்னுது. தலைவி நானு. ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லு. அத நீ படிச்சியா?

சரோஜா


சங்கரன்கோவில்
2.1.2004

அன்புள்ள அக்கா,

இதை எட்டுத் தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஒன்பதாவது. இதைப் படித்ததும் நீங்களும் கிழித்துவிட வேண்டும். கவிமேல் சத்தியமாகக் கேட்கிறேன்.

படித்தேன். நாலு பக்கமும் படித்தேன். ஆகஸ்டில் அவர் வந்தபோது கொண்டு வந்தார். பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல். மடியில் போட்டுக்கொண்டுதான் படித்தேன். ஒப்படைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? "இது நீட்டிப்பு இல்லையே, விட்டுக்கொடுக்கிற பேப்பர் அல்லவா?" என்று கேட்டேன். "தெரியும். இதை முடிச்சுக் கொடுத்தா நான் பெர்மனென்ட். எப்படியும் அந்தப் பாறை இன்னும் எத்தனை வருஷம்? கம்பெனிக எல்லாம் வருது, அவங்களுக்கு வேற வேலை கிடைக்கும். நம்ம பிள்ளைக்கு வேற மூச்சு கிடைக்குமா?" என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை அக்கா. "உங்க இஷ்டம்" என்றேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் சொன்னேன். மறுவாரம் உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது, கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. நிதானமாகப் படியுங்கள் என்று எழுதினேன். சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. உங்களுக்கு நிதானமாகப் படிக்க நான் கற்றுக்கொடுக்கவே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சீக்கிரம் பலன் தெரிய வேண்டும் என்று கையெழுத்தைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தேன். அப்புறம் ரெண்டு எழுத்து வித்தை.

நீங்கள் ஒரு தாய். மூன்று பேரைப் பெற்றவர். ராத்திரி பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பத்தொன்பது பேர் முகமும் மறந்துபோகும். மறந்துபோனது. இதைச் சமாதானமாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என்னை வெறுக்காதீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கிழித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். இது யார் கையிலாவது கிடைத்தால் அவர் வேலை போய்விடும்.

கனகா


பாறைமேடு
20.1.2004

டீச்சரு,

படிச்சேன். நான் மட்டும்தான் படிச்சேன். யாருகிட்டயும் காட்டல.

மூணு புள்ள பெத்தவன்னு எழுதியிருந்த. பெத்தது அஞ்சு. மூணு இருக்குது. போன ரெண்டுக்கும் இழுப்புதான். உனக்கு இதுவரைக்கும் நான் சொன்னதில்ல.

இங்க நெலம சொல்றேன். பத்தொன்பது பேருல ஆறு பேரு தசரதன் கிரஷருக்கே கூலிக்குப் போயிட்டாங்க. சொர்ணம்மா அவங்கள்ள ஒருத்தி. நம்ம பாறையில கண்ணுக்குக் கண்ணாடி போட்டுகினு ஒடப்போமே, அங்க கண்ணாடி இல்ல. போன வாரம் செதறின சில்லு எடது கண்ணுல பட்டுச்சு. எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில சேத்திருக்கோம். பார்வ வராதுன்னுட்டாங்க. அம்பத்திரண்டு வயசுல பேரு எழுதக் கத்துகினவ. இப்ப ஒரு கண்ணால பழகறா.

மேல்முறையீடு போட்டுட்டோம். நாங்களே எழுதினோம். நாலு நாளு ஆச்சு எழுத. விசாரணையில பெரிய அதிகாரி கேக்கறாரு: "படிச்சுப் புரிஞ்சுகிட்டுப் போட்டோம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க சங்கத்துலயே பி.எஸ்ஸி. படிச்ச உறுப்பினர் ஒருத்தர் பார்த்து ஒத்துக்கிட்டதாவும் அவங்க சொல்றாங்க. அந்த அம்மா என்ன சொல்றாங்க?"

நீ சொல்ல வேண்டியது ரெண்டு வரி. "நான் படிச்சேன். அதுல இன்னா இருந்துச்சுன்னு அவங்களுக்கு நான் சொல்லல." அவ்ளோதான். உன் வூட்டுக்காரரு பேரக்கூட இழுக்க வேணாம். மார்ச் எட்டுக்குள்ள வேணும். நீ வர வேணாம், புள்ளைய விட்டுட்டு வர முடியாதுன்னு தெரியும். எழுதி அனுப்பு போதும்.

கிழிக்கச் சொன்னியே, கிழிக்கறேன். நீ அத எழுதி அனுப்பினதும் கிழிக்கறேன்.

சரோஜா


படப்பை
1.3.2004

அன்புள்ள அக்கா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பதினைந்து நாள் முன்பு இங்கே வந்துவிட்டோம். மாடி வீடு. தூசி இல்லை. உங்களிடம் இருந்து ஒரு பஸ் தூரம்தான். வந்து பார்க்கக் கால் வரவில்லை.

கவி இப்போது தவழுகிறாள். மெட்ராஸ் டாக்டர் புது மருந்து கொடுத்திருக்கிறார். பத்து நாளாக இழுப்பு இல்லை. பத்து நாள், அக்கா. இது எவ்வளவு பெரிய எண் என்று உங்களுக்குத்தான் தெரியும். போன லெட்டரில் அஞ்சு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன்.

நீங்கள் கேட்ட வாக்குமூலத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட மாதிரியே எழுதி முடித்து, உறையில் போட்டுத்தான் வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இவகிட்ட கேட்டுட்டு அனுப்பு" என்றார். அதற்குப் பிறகு வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. ஒரு வரிகூடப் பொய் இல்லாமல்தான் எழுதியிருக்கிறேன்.

சொர்ணம்மாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கனகலட்சுமி

(இணைப்பு)

"மேற்படி மனு எனது பார்வைக்கு வந்ததா என்பது குறித்து எனக்குத் தற்போது தெளிவான நினைவு இல்லை. அக்காலத்தில் என் குழந்தை உடல்நலக் குறைவாக இருந்தபடியால், எந்த ஆவணத்தையும் கவனத்துடன் பரிசீலிக்கும் நிலையில் நான் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ம. கனகலட்சுமி, பி.எஸ்ஸி."


பாறைமேடு கல்லுடைக்கும் மகளிர் கூட்டுறவுச் சங்கம்
சேரப்பணஞ்சேரி அஞ்சல்
30.4.2004

பெறுநர்:
திருமதி ம. கனகலட்சுமி, பி.எஸ்ஸி.,
படப்பை.

அம்மையீர்,

பொருள்: தங்கள் கடிதம் விசாரணையில் தாக்கல் செய்யப்பட்டது – தெரிவித்தல்.

பார்வை: 1. தங்கள் கடிதம், நாள் 2.1.2004.
2. தங்கள் வாக்குமூலம், நாள் 1.3.2004.

பார்வை இரண்டில் காணும் தங்கள் வாக்குமூலம் 4.3.2004 அன்று சங்கத்தின் பொதுக்குழுவில் வாசிக்கப்பட்டது. அது சங்கத்துக்குப் பயன்படாது எனத் தீர்மானிக்கப்பட்டு, இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. பார்வை ஒன்றில் காணும் தங்கள் கடிதம் 8.3.2004 அன்று அதிகாரி அவர்களிடம் தாக்கல் செய்யப்பட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

சங்கத்தைச் சேராதவர்களுக்கு எழுதும்போது இப்படித்தான் எழுத வேண்டும் என்று பொதுக்குழுவில் முடிவு. மேலே இருப்பதை மரகதமும் நானும் எழுதினோம். எங்கும் சுழிக்க வேண்டியிருக்காது. மிச்சத்த நான் என் பேச்சுல எழுதறேன். நீங்கள்னு எழுத வேண்டியதுதான், கை வரல.

உன் வாக்குமூலத்த நாங்க மூணு தடவ படிச்சோம். கஷ்டமான சொல்லு எல்லாம் இருந்துச்சு, வுடல. முடிச்சதும் மரகதம் கேட்டா, "வந்ததா என்பது குறித்து நினைவு இல்லன்னா, இது கேள்வியாடி, பதிலாடி?" யாரும் சிரிக்கல. அப்புறம் ஒரு கண்ண மூடிகினு சொர்ணம்மா சொன்னா, "படிச்சவ பயந்தா இப்புடித்தான் எழுதுவா."

அப்பதான் நான் உன் ஜனவரி லெட்டர எடுத்து வெச்சேன். கிழிக்கல. நீ எழுதி அனுப்பினதும் கிழிக்கறேன்னு சொன்னேன், நீ எழுதி அனுப்பல. எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். ஒரு எழுத்தும் வுடல, ராத்திரி நெஞ்சில காது வெச்சிகினு உக்காந்திருந்தன்னு எழுதினியே, அதையும் வுடல. அந்த எடத்துல பாதிப் பேரு அழுதாங்க. இதக் குடுக்கறதா வேணாமான்னு ஓட்டு வெச்சோம். குடுக்கக் கூடாதுன்னு ஒன்பது, குடுக்கணும்னு ஒன்பது. குடுக்கக் கூடாதுன்னு மொதல்ல கை தூக்கினது சொர்ணம்மா. சரிசமமா வந்தா தலைவி ஓட்டுன்னு துணைவிதியில இருக்குது. அந்தத் துணைவிதிப் புத்தகத்த ரெண்டு மாசமா தெனம் ஒரு விதின்னு படிச்சிகினு வரோம்.

நான் குடுக்கணும்னு போட்டேன்.

தெரியாமப் போடல. உன் வூட்டுக்காரரு வேலை போவும்னு தெரிஞ்சுதான் போட்டேன். கவியோட மருந்தும் கண்ணு முன்னால வந்துச்சு. நீ எங்க பத்தொன்பது பேர மறந்தேன்னு எழுதின. நான் உங்க மூணு பேரயும் மறக்கல, நெனச்சிகினேதான் கை தூக்கினேன். அது இன்னும் மோசமா இருக்கலாம். உன் வூட்டுக்காரர தசரதன் கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டான்னு போன வாரம் கேள்விப்பட்டேன். அது எங்களாலதான்.

ஒப்படைப்பு மனுவ நிறுத்தி வெச்சிருக்காங்க. பாறை இன்னும் எங்க கைக்கு வரல. தசரதனும் தொட முடியாது. சங்கிலி அப்புடியே தொங்குது. கிரஷருக்குப் போனவங்களும் அத வுட்டுட்டு வந்துட்டாங்க; சொர்ணம்மாவும் புள்ளைங்கள பாத்துக்கற ஒருத்தியும் போவ, பதினேழு பேரு ஒரகடம் பக்கம் கட்டட வேலைக்குப் போறோம். நாலு மணி இல்ல, ஆறு மணிக்குதான் கொட்டாய்க்கு வர முடியுது. படிப்ப வுடல. இப்ப யாரும் ரெண்டு எழுத்துல சொல்லப் புடிக்கறதில்ல. முழுசா முடிஞ்சாதான் வாயத் தொறக்கணும்னு சட்டம்.

தீர்மானப் புத்தகத்துல உறுப்பினரு பட்டியலு புதுசா எழுதினோம். உன் பேரு இல்ல. அதுக்கு ஓட்டு வெக்கல, யாரும் பேசவும் இல்ல. எழுதிகினு வந்த மரகதம் அந்த எடத்துல வந்ததும் அடுத்த பேருக்குப் போயிட்டா.

உன் லெட்டர அதிகாரிகிட்ட குடுத்த அன்னிக்கு, பக்கத்துல இருந்த குமாஸ்தா அத வாங்கி நூலுல கோத்தாரு. கோக்கறதுக்கு முன்னால புரட்டிப் பாத்தாரு. "எழுத்து முத்து முத்தா இருக்கே, யார் எழுதினது?"ன்னு கேட்டாரு.

எங்க டீச்சருன்னேன். வாய் தவறி வந்துடுச்சு.

இப்படிக்கு,
ஆர். சரோஜா,
தலைவி.